கப்பல் போன தீவுக்கு விமானத்தில்... குவாதலூப் புறப்படும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு

"அப்பா, வர்ற பங்குனியில எல்லாரும் குவாதலூப் போகலாம். ரெண்டு வாரம். டிக்கெட் செலவு என்னுது. நீங்க விசா வேலையை மட்டும் ஆரம்பிங்க."

பாரிஸில் இருக்கும் மகனிடமிருந்தோ மருமகனிடமிருந்தோ இப்படி ஒரு போன் வருவது புதுச்சேரியில் அதிசயமே இல்லை. 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வாய்ப்பு தரப்பட்டது. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். 'சொல்தா' வீடு என்று ஊரில் சொல்லப்படும் பிரெஞ்சுப் பட்டாளத்தார் குடும்பங்கள் அதில் அதிகம். அந்தக் குடும்பங்களில் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் என்று இன்று பாகூரிலும் வில்லியனூரிலும்கூட பாரிஸ் உறவு இல்லாத தெரு குறைவு. பிரான்ஸில் வேலை பார்ப்பவர்கள் குளிர்காலத்தில் வெயில் தேடிப் போகும் ஊர்களில் ஒன்று, கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப். அது பிரான்ஸின் ஒரு மாவட்டம்தான். நாணயம்கூட யூரோதான்.

பாகூர் பக்கம் மூன்று காணி கரும்பும், கொஞ்சம் வாழையும், இரண்டு கறவை மாடும் உள்ள ஒரு வீட்டுக்கு அந்த போன் வந்ததாக வைத்துக்கொண்டால், அப்பாவின் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அங்க என்னடா இருக்கு?"

"கடல் இருக்கு, கரும்பு இருக்கு, வாழைத் தோட்டம் இருக்கு."

"அதான் இங்கயே இருக்கே! அதைப் பார்க்க எதுக்கு உலகத்தோட அந்தக் கோடிக்குப் போகணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடலும் கரும்பும் அங்கே இருப்பதற்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இரண்டு வாரத்தை எப்படிச் செலவு செய்வது என்பதே மாறிவிடும்.

இங்கிருந்து போன கப்பல்

1848-ல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சத்தவர்களில் பலர் பழைய முதலாளியின் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். ஆலைகளுக்கு ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் கண் தங்கள் கையில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் துறைகள் மேல் விழுந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் திரும்பி வர இலவசக் கப்பல் என்று சொல்லி ஆள் பிடித்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே 6-ம் தேதி மார்த்தினீக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல்தான் 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பில் முதல் கூட்டத்தை இறக்கியது. பயணம் ஏறக்குறைய மூன்று மாதம்.

1861-ல் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி கிராமங்களிலிருந்தும் தடையில்லாமல் ஆள் சேர்த்தார்கள். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இன்னும் பலரைக் கப்பலுக்குத் தள்ளியது. 1880-களில் பிரிட்டிஷ் அரசு தடை போடும் வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். குவாதலூப் போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் கால் பங்குகூட இல்லை. பெரும் பகுதி அந்தக் கரும்புக் காட்டிலேயே செத்துப்போனது. மிஞ்சியவர்களின் பிள்ளைகள்தான் இன்று அங்கே இருக்கும் இந்திய வம்சத்தவர்.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. 1866-ல் இரும்புப் பாலம் கட்டும் வரை படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். அந்தப் பாலமும் 1952 புயலில் போய்விட்டது. இன்று காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று சுண்டல் சாப்பிடும் பலருக்கு, எதிரே தெரியும் கடலில்தான் அத்தனை பேர் ஏறிப் போனார்கள் என்பது தெரியாது. 

இதை அறிந்த பிறகு, பயணத் திட்டத்தைக் கடற்கரை ஓட்டலிலிருந்து தொடங்காமல் வயலிலிருந்து தொடங்குவதே சரி.

எந்த மாதம் போவது?

குவாதலூப்பில் டிசம்பர் முதல் மே வரை வறண்ட பருவம். ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும். செப்டம்பர்தான் பயப்பட வேண்டிய மாதம். 1989 செப்டம்பரில் 'ஹூகோ' புயல் குவாதலூப்பைப் புரட்டிப் போட்டது. 2017 செப்டம்பரில் 'மரியா' வந்து வாழைத் தோட்டங்களைச் சாய்த்தது. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, பலாவையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலிவு டிக்கெட் கிடைக்கிறது என்று செப்டம்பரில் கிளம்பக் கூடாது.

கரும்பு வெட்டு அங்கே பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். பிப்ரவரியில் பிரான்ஸில் பள்ளி விடுமுறை வரும். தீவில் கார்னிவல் திருவிழாவும் அதையொட்டி வரும். டிக்கெட் விலை அப்போது எகிறும். ஆகவே மார்ச் இரண்டாம் பாதி தோது. சம்பா அறுவடை முடிந்திருக்கும். வைக்கோலும் போர் போட்டாகியிருக்கும்.

ஆனால் கரும்பு வைத்திருப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கும் அப்போது அரவைக் காலம். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஓடியதைப் பார்த்த புதுச்சேரி விவசாயிகளுக்கு, தமிழ்நாட்டு ஆலையின் கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்பது ஜோசியம் மாதிரிதான். தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை எடுத்துவிட்டு, கிளம்பும் வாரத்தில் வெட்டு ஆள் வந்து நின்றால் பயணம் நரகமாகிவிடும். கட்டிங் ஆர்டர் கைக்கு வந்த பிறகு டிக்கெட், அல்லது தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட். இந்த இரண்டைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

மாடு இன்னும் பெரிய விஷயம். "ரெண்டு வாரம் யாரு பால் கறக்கிறது?" என்று அம்மா கேட்டால் மகன் பதில் சொல்ல மாட்டான். கறக்கும் ஆளுக்குக் கை பழகப் பத்து நாளாவது முன்னதாக அவரை வரவழைத்து, கூட நின்று கறக்க விட வேண்டும். கன்று ஈனும் மாதம் கணக்கில் மோதினால் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதே மரியாதை. தீவு எங்கும் போய்விடாது.

ஒரு விசா போதாது

இந்தியாவிலிருந்து குவாதலூப்புக்கு நேர் விமானம் கிடையாது. பாரிஸ் போய் மாற வேண்டும். அங்கேயும் ஒரு சங்கடம். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது சார்ல் த கோல் விமான நிலையத்தில். தீவுகளுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் கிளம்புவது ஓர்லி விமான நிலையத்தில். ஒன்று பாரிஸுக்கு வடக்கே, மற்றது தெற்கே. நடுவில் ஊரையே கடக்க வேண்டும் என்பதால், வழியில் மாறுவதற்கே பிரான்ஸுக்குள் நுழையும் ஷெங்கன் விசா தேவை.

அந்த ஷெங்கன் விசா குவாதலூப்புக்குச் செல்லாது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. தீவு பிரான்ஸின் மாவட்டம். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தீவுக்கும் போகப் போவதாக விண்ணப்பத்திலேயே எழுதி, அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். இன்னொன்று. பாரிஸிலிருந்து தீவுக்குப் போனால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி பாரிஸ் வரும்போது இரண்டாவது நுழைவு. ஆகவே ஒரு முறை நுழையும் விசா உதவாது. இரண்டு முறையோ பல முறையோ நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்க வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லாததால், அவன் இதை யோசித்தே இருக்க மாட்டான். அப்பா அம்மா பாரிஸில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

விவசாயிக்குக் காகிதத்தில் இன்னொரு கஷ்டம். சம்பளச் சீட்டு இருக்காது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் வருமான வரிக் கணக்கும் பலரிடம் இருக்காது. பட்டா, நிலப் பதிவு நகல், ஆலை கரும்புப் பணம் போட்ட வங்கிக் கணக்கு விவரம், பால் சங்கத்து வரவு இவற்றை ஒழுங்காக அடுக்கி, தமிழில் உள்ளதை மொழிபெயர்த்து வைத்தால் ஊருக்குத் திரும்பி வர வேர் இருக்கிறது என்பது தெரியும். அதிகாரி பார்ப்பதும் அதைத்தான். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். மகன் வீட்டில் தங்கினால், அவன் ஊர் மேரியிலிருந்து 'இவர்களை என் வீட்டில் தங்க வைக்கிறேன்' என்ற சான்று வாங்கி அனுப்ப வேண்டும். நகராட்சி மன்றத்துக்கு மேரி என்ற பெயர் புதுச்சேரிக்குப் புதிதல்ல. தீவில் தங்கும் வீட்டுக்கான முன்பதிவுச் சீட்டு தனி.

பட்டாம்பூச்சித் தீவு

குவாதலூப் வரைபடத்தில் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். பரப்பு சுமார் 1,600 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் சேர்த்ததைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை மேல் சமவெளி, கரும்பு, நல்ல கடற்கரை. மேற்குச் சிறகு பாஸ்-தேர்: மலை, மழை, வாழை, உச்சியில் 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை. சுற்றுலாக்காரர்கள் கிழக்கில் தங்குவார்கள். விவசாயக் குடும்பம் பாதி நாளாவது மேற்கில் தங்க வேண்டும்.

புவாந்தாப்பித்ர் நகரில் தார்புசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், 2015-ல் 'மெமோரியல் ஆக்ட்' என்ற அடிமை வரலாற்று அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். முதல் நாளே அதைப் பார்த்துவிடுவது நல்லது. தமிழர் போவதற்கு முன் அந்தக் கரும்பை யார் வெட்டினார்கள், எப்படிச் செத்தார்கள் என்று தெரியாமல், நம் ஆட்கள் பட்ட பாட்டை மட்டும் பேசுவது அரைக் கதை.

பாஸ்-தேர் பக்கம் காப்பெஸ்தேர் ஊரில், சாலையோரம் ஷான்ஜி கோயில். அங்கே போனால் காது கூர்மையாக இருக்க வேண்டும். தமிழ் பேச யாருக்கும் தெரியாது. தலைமுறைகள் மாற மாற அது போய்விட்டது. ஆனால் இந்தத் தீவுகளின் கோயில்களில் சொற்கள் பிழைத்திருக்கின்றன. மாரியம்மன் அங்கே 'மலியெமென்'. மதுரை வீரன் 'மல்தேவிலென்'. நாகூர் ஆண்டவரை 'நாகுருமிரா' என்று சொல்லி, கொடி ஏற்றி, மாரியம்மனை வணங்கும் அதே ஆட்கள் வணங்குகிறார்கள். கப்பலில் போனவனுக்குக் கடலைக் காக்கும் சாமி வேண்டியிருந்தது. எந்த மதம் என்று அவன் பார்க்கவில்லை. வேப்பிலை 'வெப்பெலே'. மத்தளம் 'மத்தலோன்'. விடிய விடிய ஆடிய நாடகம் 'நத்ரோன்'. சனிக்கிழமைச் சாப்பாட்டில் 'கொலோம்போ' என்று ஒரு கறி வரும். மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த பொடி போட்டு ஆட்டுக்கறியில் வைத்தது. புதுச்சேரிப் பெண்கள் யாரும் மூக்கைக் கிட்டே கொண்டுபோனதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தையில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'. நம் ஊர்க் கைலித் துணிதான்.

பெயர்ப்பலகைகளையும் கவனிக்கலாம். முத்துசாமி 'முத்துசாமி'யாகவே இருப்பார், எழுத்துத்தான் பிரெஞ்சு. ராமசாமியும் அப்படித்தான். வீரப்பன் 'விராப்பென்' ஆகியிருப்பார், முனியன் 'முனியென்' ஆகியிருப்பார். சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனார். 1863-ல் காப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரோம் என்பவர்தான், இந்தத் தீவில் பிறந்த இந்திய வம்சத்தவருக்கு ஓட்டுரிமை இல்லை என்று சொன்ன அதிகாரிகளை எதிர்த்து 1904-ல் வழக்காடத் தொடங்கியவர். முடிவு கிடைக்க 1923 ஆனது. புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு பிரெஞ்சுக்காரர் பெயர் இருக்கிறது. இந்தச் சிதம்பரம் பிள்ளையை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

"நம்ம வீட்டுல யாரோ ஒருத்தர் கப்பலுக்குப் போனதா ஆயா சொல்லும்" என்று ஞாபகம் உள்ள குடும்பங்கள், கிளம்பும் முன் அந்தப் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் எழுதி எடுத்துப் போவது நல்லது. இறங்கியவர்களுக்கு எண் போட்டு எழுதிய பதிவேடுகள் உண்டு. குவாதலூப் மாவட்ட ஆவணக் காப்பகம் பாஸ்-தேர் பக்கம் கூர்பேர் என்ற ஊரில் இருக்கிறது. பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது என்பதால் ஒரே பெயரைப் பத்து விதமாக வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ஒதுக்கலாம். கிடைத்தே தீரும் என்ற எண்ணத்தோடு போனால் மனம் உடையும்.

மாட்டு வண்டித் தீவு

புவாந்தாப்பித்ரிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் மரி-கலாந்த். 158 சதுர கிலோமீட்டர்தான். குவாதலூப் போகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கரும்பு விவசாயிக்கு இதுதான் முக்கியமான தீவு. பழைய காற்றாலைக் கோபுரங்கள் வயல் நடுவே நிற்கும். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகளுக்குப் பெயர் பெற்ற மண் இது. பாரம் இழுக்கும் காளைகளுக்குப் போட்டி நடத்துவார்கள். ரேக்ளா பார்த்த கண்ணுக்கு அது வேறு மாதிரி இருக்கும்: அங்கே வேகம் இல்லை, மேட்டில் பாரத்தை இழுப்பதுதான் வீரம்.

ஆலையில் கவனிக்க வேண்டியது ஒன்று. குவாதலூப்பில் ஒவ்வொரு விவசாயி கொண்டுவரும் கரும்பிலும் மாதிரி எடுத்து, அதில் உள்ள சர்க்கரைச் சத்தைப் பார்த்து, அதற்கேற்ப விலை போடுகிறார்கள். இங்கே ஆலையின் மொத்தச் சராசரி சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்து எல்லோருக்கும் ஒரே விலை. நன்றாக வளர்த்தவரும் தண்ணீர் பாய்ச்சி எடையேற்றியவரும் ஒரே வரிசையில் நிற்பது நம் பழைய மனக்குறை. அங்கே அது தீர்ந்ததா என்று கேட்டால், மாதிரி எடுக்கும் விதத்தைப் பற்றி அங்குள்ள விவசாயிக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். கேட்டுவிட்டு வரலாம். கரும்புச் சாற்றிலிருந்தே நேராக ரம் காய்ச்சும் ஆலைகள் மூன்று அந்தச் சின்னத் தீவிலேயே இருக்கின்றன. சர்க்கரைப்பாகுக் கழிவில் காய்ச்சும் ரம் வேறு, இது வேறு என்று பெருமையாகச் சொல்வார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பாஸ்-தேர் சரிவுகளில் வாழை பச்சைப் பசேல் என்று இருக்கும். போட்டோ எடுக்காமல் யாரும் வர மாட்டார்கள். அந்த மண்ணுக்குள் இருப்பது போட்டோவில் விழாது.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு நம் தோட்டத்திலும் உண்டு. அதைக் கொல்ல 1972-லிருந்து குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் 'குளோர்தெக்கோன்' என்ற பூச்சிமருந்துப் பொடியை வாழை மரத்தடியில் போட்டார்கள். அதே மருந்தைத் தயாரித்த அமெரிக்க ஆலையின் தொழிலாளர்கள் கை கால் நடுக்கம் வந்து விழுந்து, 1975-ல் அந்த ஆலையை மூடினார்கள். 1979-ல் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக அளவில் வகைப்படுத்தினார்கள். அப்படியும் தீவுகளில் நிற்கவில்லை. பிரான்ஸில் 1990-ல் தடை வந்தது. வாழை முதலாளிகள் கேட்டுக்கொண்டதால் தீவுகளுக்கு மட்டும் விலக்கு தந்து 1993 வரை போட்டார்கள்.

மருந்து நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மண்ணிலிருந்து அது போகவில்லை. எரிமலை மண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் பல தலைமுறைக்கு இருக்கும் என்கிறார்கள். அரசு நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வில் இரண்டு தீவுகளிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் அது இருப்பது தெரிந்தது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் அங்கே மிக அதிகம். வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள், யாரையும் குற்றவாளியாக நிறுத்த முடியாது என்று விசாரணையை முடித்தார்கள். மக்கள் விடவில்லை, இழப்பீட்டுப் போராட்டம் தொடர்கிறது. காசர்கோட்டு முந்திரிக் காட்டில் எண்டோசல்பான் செய்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் ஒவ்வொரு படியும் பழக்கமானதுதான்.

விவசாயிக்கு இதில் ஓர் அதிர்ச்சி இருக்கிறது. மருந்து போட்ட வாழையின் பழத்தில் நஞ்சு ஏறுவதில்லை. ஏற்றுமதியான பழம் சுத்தம். பின்னாளில் அந்த நிலத்தில் சேம்பு, வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி போட்டுச் சாப்பிட்டவன் உடம்பில்தான் ஏறியது. ஏனென்றால் மண்ணோடு ஒட்டி வளரும் கிழங்குதான் அதை உறிஞ்சுகிறது. மழைநீர் வழியாக ஆற்றுக்கும் கரையோரக் கடலுக்கும் போய், மீனிலும் ஏறியது. இப்போது வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இலவச மண் பரிசோதனை செய்து கொடுக்கிறார்கள்.

இரண்டு வாரம் போகிறவர் பயந்து சாக வேண்டியதில்லை. சந்தையிலும் கடையிலும் சோதித்து வருவதை வாங்கலாம். கறிப்பலா, தக்காளி, வாழை போன்ற மண்ணுக்கு மேல் காய்ப்பவற்றில் கவலை இல்லை. எந்த நிலத்தில் விளைந்தது என்று தெரியாத கிழங்கைச் சாலையோரத்தில் வாங்கிச் சமைக்க வேண்டாம். ஆற்று மீனும் இறாலும் வேண்டாம்.

கடற்கரையில் கவனம்

அங்குள்ள கடற்கரையில் 'மான்சினியே' என்று ஒரு மரம் உண்டு. சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் விழுந்து கிடக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினால், சொட்டும் நீரிலேயே தோல் கொப்பளிக்கும். பிச்சாவரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டும் ஆமணக்குக் குடும்பம்தான். பல இடங்களில் மரத்தில் சிவப்பு வளையம் பூசி வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

2011-லிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மூட்டை மூட்டையாக ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம், தலைவலி. அது ஒதுங்கும் கரைக்குப் பக்கத்தில் வீடு எடுக்கக் கூடாது. "இதை உரமாகப் போடலாமே" என்று விவசாயிக்குத் தோன்றும். அதில் ஆர்சனிக் இருப்பதால் அங்கே அது எளிதான காரியமாக இல்லை.

சாப்பாட்டுச் செலவை மகன் சொன்னதைவிடக் கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். கரும்பும் வாழையும் ஏற்றுமதி செய்யும் தீவு, அரிசியும் பாலும் எண்ணெயும் கப்பலில் இறக்குமதி செய்கிறது. விலைவாசியை எதிர்த்து 2009-ல் குவாதலூப்பில் 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 2024-ல் மார்த்தினீக்கில் மறுபடியும் வீதிக்கு வந்தார்கள். நல்ல நிலத்தையெல்லாம் ஒரே பயிருக்குக் கொடுத்த ஊரின் நிலைமை இது.

பெட்டி கட்டும்போது கடைசிச் சண்டை வரும். நெய்யும் பால்கோவாவும் பிரான்ஸ் சுங்கத்தில் ஓடாது. மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி பரவாயில்லை. விதை, செடி, கரணை எதுவானாலும் நோயில்லை என்ற சான்று இல்லாமல் அங்கே கொண்டுபோக முடியாது. அங்கிருந்து இங்கே கொண்டுவரவும் முன் அனுமதி வேண்டும். இலைப்புள்ளி நோயின் கொடிய வகையான கருப்பு சிகடோகா 2010-லிருந்துதான் அந்தத் தீவுகளில் நுழைந்து வாழையைக் கெடுத்தது. ஆசைக்கு ஒரு கன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வரும் வேலை வேண்டவே வேண்டாம்.

"அப்ப ஒரு வேப்பங்கொட்டைகூட எடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்று ஆயா கேட்டால், எடுத்துப் போக வேண்டியதில்லை என்று சொல்லலாம். அங்கே கோயில் வாசலில் மரமே நிற்கிறது.